கட்டாஃப் என்னவோ நல்ல கட்டாஃப்தான்

2025 மே 8ஆம் தேதி ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபோது என் பையன் திண்ணையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கணக்கு 97, இயற்பியல் 95, வேதியியல் 98. கணக்கு முழுசாக 97, இயற்பியலில் பாதி 47.5, வேதியியலில் பாதி 49. ஆகப் பொறியியல் சேர்க்கைக்கான கட்டாஃப் 200க்கு 193.5. இருபது வருஷத்துக்கு மேலாக ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன், இந்தக் கூட்டலுக்கு எனக்குத் தாள் பேனா வேண்டியதில்லை. "193.5டா சாமி" என்றேன். அவன் முந்தைய வருஷத்துக் கட்டாஃப் பட்டியலை ஏற்கெனவே போனில் இறக்கி வைத்திருந்தான். "நாம நெனச்ச காலேஜ் போன வருசம் 193க்கே கெடச்சிருக்குங்மா" என்றான். அன்றைக்கு மத்தியானம் வீட்டில் ஒப்புட்டு சுட்டோம்.

ஏழு வாரம் கழித்து, ஜூன் 27இல் பொறியியல் ரேங்க் பட்டியல் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, ஒப்புட்டைக் கொஞ்சம் அவசரப்பட்டுச் சுட்டுவிட்டோம் என்று.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் 2024இல் இதே 193.5 வாங்கியவன். அவன் ரேங்க்கை என் பையன் எழுதி வைத்திருந்தான். இவனுக்கு வந்ததோ அதற்குச் சில ஆயிரம் பின்னால். அதே கட்டாஃப், அதே கணக்குமுறை. பையன் மூன்று தடவை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தான், ஏதோ தப்பாகக் காட்டுகிறது என்று. எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது.

தப்பு எதுவும் இல்லை. 2024இல் வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் மாநிலம் முழுக்க 471 பேர். 2025இல் 3,181 பேர். இயற்பியலில் 633 பேர் 1,125 ஆனார்கள். பொறியியலுக்கு 200க்கு 200 கட்டாஃப் வைத்திருந்தவர்கள் 65 பேரிலிருந்து 144 பேர் ஆனார்கள். ரேங்க் பட்டியலில் இடம் பிடித்தவர்களே ஏறக்குறைய 2 லட்சத்திலிருந்து 2.41 லட்சமாகக் கூடியிருந்தார்கள். சென்டம் எண்ணிக்கை ரிசல்ட் அன்றைக்கே பேப்பரில் வந்ததுதான். நானும் படித்தேன். "பரவாயில்லையே, பிள்ளைகள் நல்லா எழுதியிருக்குதுக" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவளும் நான்தான்.

என் வீட்டுக்காரர் கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைக்கொட்டாய் வைத்து நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறவர். படிப்பு பத்தாவது. நானும் பையனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, விஷயம் என்னவென்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இது நம்ம சர்க்கரை மாதிரித்தான் புள்ள. நம்ம மூட்டை நல்ல மூட்டைதான். இன்னைக்கு ஏலத்துக்கு வரத்து எத்தனைன்னு பார்க்காம, போன வாரத்து வெலையச் சொல்லிட்டு உக்காந்தா ஆகுமா?"

கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை எடுக்கும் நாளில் ஒரு விலை, வரத்து மிஞ்சிய நாளில் வேறு விலை. இதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். இருபது வருஷம் கட்டாஃப் கணக்குப் போட்ட எனக்கு அது ஏழு வாரம் உறைக்கவில்லை. கட்டாஃப் நம் மூட்டையின் எடை. ரேங்க்தான் விலை.

அதனால் முதல் பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முந்தைய வருஷக் கட்டாஃபோடு உங்கள் கட்டாஃபை ஒப்பிடாதீர்கள். முந்தைய வருஷம் அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் ரேங்க் என்ன என்று பாருங்கள். பொதுத் தரவரிசை ஒன்று, சமூகவாரியான தரவரிசை ஒன்று என்று இரண்டு எண் வரும். இரண்டையும் பாருங்கள். ரேங்க் வரும்வரை எந்தக் கல்லூரிப் பெயரையும் சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் இருப்பது நல்லது. நாங்கள் என் அண்ணன் வீடுவரைக்கும் சொல்லிவிட்டிருந்தோம்.

எங்கள் வீட்டில் ரேங்க் காலை வாரிவிட்டது இது மூன்றாவது தடவை. முதல் தடவை மாட்டியது நான்.

நான் ப்ளஸ் டூ முடித்தது 1998இல். அப்போது ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண், மொத்தம் 1200. பொறியியலுக்குக் கட்டாஃப் 300க்கு. ப்ளஸ் டூவிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச்சாளர முறை வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கணக்கில் 192 வாங்கியிருந்தேன், பள்ளியில் இரண்டாவது. ப்ளஸ் டூ பங்கு மட்டும் 200க்கு 183.5 வந்தது. நுழைவுத் தேர்வில் 100க்கு 41. ஸ்டெப் ஸ்டெப்பாக எழுதிப் பழகிய கைக்கு, நாலு விடையில் ஒன்றைச் சட்டென்று குறிக்க வரவில்லை. பரீட்சை முடிந்ததும் ஒரு மாதம் ஈரோட்டிலும் கோயமுத்தூரிலும் கோச்சிங் நடக்கும். என் வகுப்பில் மூன்று பேர் போனார்கள். "பொட்டப்புள்ளைய ஒரு மாசம் வெளியூர்ல விட்டுட்டு நான் எங்க தூங்கறது?" என்றார் அப்பா. ப்ளஸ் டூவில் என்னைவிடக் குறைவாக வாங்கிய ஒருத்தி கோச்சிங் போய், என்னைத் தாண்டி எங்கோ முன்னால் நின்றாள். எனக்குக் கவுன்சிலிங்குக்குச் சென்னை போகும் பேச்சே எழவில்லை. பி.எஸ்சி. கணிதம் படித்தேன். அதில் வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. கணக்கு எனக்குப் பிடித்ததுதான்.

பின்னால் 2006இல் ஆனந்தகிருஷ்ணன் குழுப் பரிந்துரை வந்து, சட்டம் போட்டு, 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். கட்டாஃப் 200 ஆனது அப்படித்தான். அன்றைக்கு ட்யூஷன் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த முடிவு சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ப்ளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான் எல்லாம் என்றானதும், ப்ளஸ் ஒன் என்கிற வகுப்பே பல இடங்களில் காணாமல் போனது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வந்த கதை அது. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரண்டு வருஷமும் அதையே உருப்போட வைப்பது. அப்படி ஒரு பள்ளியில் படித்த பையன் லீவில் என்னிடம் வந்தான். ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகம் கேட்டேன். கொண்டுவந்தான். அட்டை மடங்கவில்லை, உள்ளே பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது சடசடவென்று சத்தம் வந்தது. வருஷக் கடைசியில் புதுப் புத்தக வாசனை.

இதை மாற்றத்தான் 2017இல், எங்கள் கோபிக்காரர் கே.ஏ. செங்கோட்டையன் பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தபோது, ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்றார்கள். ஒரு பாடத்துக்கு 100, வருஷத்துக்கு 600. இரண்டு வருஷத்து மதிப்பெண்ணும் சேர்ந்துதான் கணக்கு என்றார்கள். 2018 மார்ச்சில் முதல் ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்தது. அதே வருஷம் செப்டம்பரில், உயர்கல்விக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும், ப்ளஸ் ஒன் மதிப்பெண் சேராது என்று மாற்றிவிட்டார்கள்.

என் மகள் 2019 ஜூனில் ப்ளஸ் ஒன் சேர்ந்தாள். அவளிடம் நான் சொன்ன வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ப்ளஸ் ஒன்னுல பாஸ் ஆனாப் போதும் கண்ணு, ஒடம்பப் போட்டு அலட்டிக்காத. ப்ளஸ் டூல பாத்துக்கலாம்." ஊரான் பிள்ளைகளுக்கு அடிப்படை முக்கியம் என்று பாடம் எடுக்கிற வாய், வீட்டில் இப்படிச் சொன்னது. புதுப் பாடத்திட்டம் வேறு, புத்தகம் செங்கல் மாதிரி கனம். பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்துக் களைத்திருந்தாள். கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று நினைத்தேன். கணக்கு எழுத்துத் தேர்வில் 90க்கு 72 வாங்கினாள். வேதியியல் தேர்வு நடக்கவே இல்லை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்துவிட்டது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் வைத்துப் போட்டார்கள்.

அப்புறம் ப்ளஸ் டூ. போனில் பள்ளிக்கூடம். அவள் எழுந்து நிமிர்ந்து படித்தது அந்த வருஷம்தான். என்னிடம் எழுதிய மாதிரித் தேர்வுகளில் 97, 99 என்று வாங்கினாள். 2021 ஜூன் 5ஆம் தேதி, ப்ளஸ் டூ பொதுத்தேர்வு ரத்து என்று அறிவிப்பு வந்தது. பின்னாலேயே மதிப்பெண் கணக்கிடும் முறையும் வந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், ப்ளஸ் ஒன்னிலிருந்து 20, ப்ளஸ் டூ செய்முறை, இன்டர்னலிலிருந்து 30.

அந்த முறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம், அவ்வளவு விசித்திரம் அது. பத்தாம் வகுப்பில் எந்தெந்தப் பாடம் என்றெல்லாம் இல்லை. அதிகம் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரி, எல்லா ப்ளஸ் டூ பாடத்துக்கும் பொது. மகளுக்குச் சமூக அறிவியல் 99, அறிவியல் 97, கணக்கு 95. சராசரி 97, அதில் பாதி 48.5. காந்தியும் நேருவும் வந்து அவளுடைய ப்ளஸ் டூ வேதியியலில் மதிப்பெண் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ளஸ் ஒன் கணக்கு 90க்கு 72 என்பதை 20க்கு மாற்றினால் 16. இன்டர்னல் முழுசு, 30. கூட்டினால் 94.5. இயற்பியல் 96.5, வேதியியல் 95.5. கட்டாஃப் 190.5.

சர்க்கரை மண்டி காலண்டரின் பின்பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்தோம். ரிசல்ட்டாக ஜூலை 19இல் வந்ததும் அதேதான். மகள் காலண்டரில் அந்த 16ஐ விரலால் சுற்றிக் காட்டினாள். "இதுதானுங்மா கொறைஞ்சிருக்குது. பாஸ் ஆனாப் போதும்னு நீங்கதானுங்மா சொன்னீங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அவளுக்காவது பத்தாம் வகுப்பு கை கொடுத்தது. ட்யூஷனில் ஒரு பையன் இருந்தான். பத்தாவதில் விளையாட்டுப் புத்தி, மூன்று பாடச் சராசரியே 68. ப்ளஸ் டூவில்தான் கண் திறந்தான். காலை ஐந்து மணிக்குப் பால் ஊற்றிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்து கணக்குப் போடுவான், 95க்குக் குறைய மாட்டான். அவன் பதினைந்து வயதில் எப்படி இருந்தான் என்பதை வைத்து அவனுக்கு 50க்கு 34 போட்டார்கள். குறை இருப்பவர்கள் பின்னால் தேர்வு எழுதிக்கொள்ளலாம், அதில் வாங்குவதுதான் இறுதி என்று ஒரு வழியும் வைத்தார்கள். அவன் வீட்டில் அப்போது இரண்டு பேர் கொரோனாவில் படுத்திருந்தார்கள். எழுதவில்லை. அந்த வருஷம் வேறு எந்த முறை வைத்திருந்தாலும் வேறு யாரோ அழுதிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அழுதவர்களில் ஒருவனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டால், 'எல்லாருக்கும் ஒரே முறைதானே' என்று சொல்ல நாக்கு வராது.

அந்த வருஷத்துக்குப் பிறகு ட்யூஷனில் நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. 'இந்த மார்க் எதற்கும் சேராது' என்ற வாக்கியத்தை யாரும் என் திண்ணையில் சொல்லக் கூடாது. இன்றைக்குச் சேராது, சரி. நாளைக்கு என்ன சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பிள்ளை பத்தாவதில் காலெடுத்து வைத்துப் பன்னிரண்டு முடிப்பதற்குள் விதி எத்தனை தடவை மாறியிருக்கிறது என்று மேலே எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல்களையும் அப்படித்தான். பத்தாவது, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மூன்றும் ஒரே ஃபைலில், பெயரின் இனிஷியல் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா, பிறந்த தேதி சரியா என்று இப்போதே பாருங்கள். பிறந்த தேதி எதற்கு என்கிறீர்களா? வருகிறேன்.

பையன் கதைக்குத் திரும்புவோம். அவன் நண்பன் ஒருவனும் 193.5. அவனுக்குக் கணக்கு 96, இயற்பியல் 97, வேதியியல் 98. கூட்டல் ஒன்றுதான். ஆனால் ரேங்க் ஒன்றில்லை. கட்டாஃப் சமமானால் முதலில் கணக்கைப் பார்ப்பார்கள், அதனால் 97 வைத்திருந்த என் பையன் முன்னால், அவன் பின்னால். கணக்கும் சமமானால் இயற்பியல். அதுவும் சமமானால் நாலாவது பாடம், அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸோ உயிரியலோ. 'கட்டாஃபுக்குச் சேராத பாடம்' என்று கடைசி மாதம் கைவிடுகிற பாடம் அது. அதற்கு மேலும் சமமாகவே போய்க்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் பிறந்த தேதி வரும், வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. கடைசியில் ரேண்டம் எண். ஒரே கட்டாஃபில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கிற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அதேபோல் கணக்கில் ஒரு மதிப்பெண் என்பது இயற்பியலில் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். இது எல்லாருக்கும் தெரியும் என்றுதான் நினைப்போம். கடைசி மாதம் நேரத்தைப் பிரிக்கும்போது பாருங்கள், பிள்ளைகள் வேதியியலுக்குத்தான் நாளை அள்ளிக் கொடுப்பார்கள், மனப்பாடத்துக்கு அதுதான் தோது என்று.

கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்கிக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங்கில் வந்த சண்டைதான் பெரிய சண்டை. ரேங்க்கைப் பார்த்து மிரண்டுபோன பையன், 'கிடைக்கும்' என்று தோன்றிய கல்லூரிகளை மேலே போட்டான். உண்மையில் ஆசைப்பட்டதைப் பத்தாவது இடத்துக்குத் தள்ளிவிட்டான். "மேல போட்டு அது கெடைக்கலைன்னா கீழ இருக்கறதும் போயிருமுங்மா." போகாது. உங்கள் ரேங்க் முறை வரும்போது கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். முதலாவது இருக்கிறதா? இல்லை. இரண்டாவது? இல்லை. மூன்றாவது இருக்கிறது, இந்தா வைத்துக்கொள். அவ்வளவுதான். முதலாவதைக் கேட்டதற்காக மூன்றாவதைப் பறிக்காது. ஆனால் கிடைக்கிற கல்லூரியை மேலே போட்டுவிட்டால், அது கிடைத்ததுமே கீழே இருப்பதைக் கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் இருந்தாலும் உங்களுக்கு வராது. இதை அவனுக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு ராத்திரி ஆனது. வேறு வீடுகளில் இதற்காக ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு பட்டியல் போட்டுத் தருகிறவர்களிடம் போகிறார்கள். வேண்டியதில்லை. ஆசையை வரிசையாக எழுதத் தெரிந்தால் போதும். எண்ணிக்கையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பையன் முதலில் 18 போட்டான், நான் 60 வரை போட வைத்தேன்.

தற்காலிக ஒதுக்கீட்டில் நாலாவது சாய்ஸ் வந்தது. அதை உறுதிசெய்ய இரண்டு நாள்தான் நேரம். அங்கேதான் எங்கள் வீட்டுக் கூத்து. விண்ணப்பத்தில் கொடுத்தது வீட்டுக்காரர் நம்பர். பையன் பாஸ்வேர்டை மறந்து, மாற்றப் போனால் ஓடிபி அந்த நம்பருக்குப் போகிறது. அவரோ ஆலைக்கொட்டாயில். கொப்பரையில் கரும்புப்பால் பொங்கிப் பதம் வருகிற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார், போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தும் கிடந்தது. பையன் வண்டியை எடுத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் ஓடினான். கரும்புச் சோகைப் புகைக்குள் நின்று, அந்தப் போனைச் சார்ஜில் போட்டு, ஓடிபி வாங்கி, அங்கிருந்தே உறுதிசெய்தான். பிள்ளையின் கையிலேயே இருக்கிற நம்பரைக் கொடுங்கள். பாஸ்வேர்டைச் சுவரில் வேண்டுமானாலும் எழுதி வையுங்கள்.

உறுதிசெய்வதிலும் ஒரு விவரம். 'இதுவே போதும், சேர்ந்துகொள்கிறேன்' என்பது ஒன்று. 'இதை வைத்துக்கொள்கிறேன், மேலே இருக்கிற சாய்ஸ் காலியானால் அதைக் கொடுங்கள்' என்பது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதைக் கொடுத்தோம். அதைக் கொடுத்தால் சேவை மையத்தில் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். கட்டாவிட்டால் கையில் இருக்கிற சீட்டும் போகும். அதனால் பணத்தை ஜூலை தொடக்கத்திலேயே புரட்டி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு படி மேலே ஏறி மூன்றாவது சாய்ஸ் கிடைத்தது. கோயமுத்தூர்தான், ஒப்புட்டு சுட்ட கல்லூரி இல்லை. பையன் அங்கே நன்றாகத்தான் இருக்கிறான். வீட்டுச் சாப்பாடு இல்லை என்பது மட்டும்தான் புகார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, பொறியியல், வேளாண்மை போன்றவற்றுக்கு 2021இல் வந்தது. பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேருகிற பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண்ணை, ஒதுக்கீடு கிடைக்கும் என்று நம்பி ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். நன்றாகவும் படித்தாள். ஆனால் மாறியது மூன்று வருஷம் லேட். வேறொரு பையன் அரசு உதவி பெறும் பள்ளி. அவன் அப்பா என் வாசலில் நின்று கேட்டார், "சம்பளம் கட்டாத பள்ளிக்கூடந்தானுங்க டீச்சர், அதுவும் கவருமெண்டுதானுங்களே?" உதவி பெறும் பள்ளி அதில் வராது. இதை அவருக்குச் சொல்வதற்குள் எனக்கே தொண்டை அடைத்தது. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

இப்போது, 2025-26 கல்வியாண்டிலிருந்து, ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு மறுபடி இல்லை என்றாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையில் வந்த மாற்றம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பிள்ளைகளைப் பொதுத்தேர்வில் வாட்டியது எனக்கு என்றுமே பிடித்ததில்லை, அந்தவரை நிம்மதி. ஆனால் சடசடவென்று பிரிந்த அந்தப் புத்தகமும் ஞாபகத்துக்கு வருகிறது. பன்னிரண்டில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்று ஒரு பாடம், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள் என்று ஒரு பாடம். எதைப் பயன்படுத்துவது? அது பதினொன்றில் இருக்கிறது. ஜேஇஇ, நீட் எழுதுகிற பிள்ளைகளுக்கு இரண்டு வருஷப் பாடமும் வேண்டும். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தால் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ப்ளஸ் ஒன் கணக்கு இரண்டாம் தொகுதி எந்த மாதம் முடியும்? பதில் சொல்லத் தயங்கினால் நீங்கள் வீட்டில் கவனித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வருஷம் என்னிடம் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள். பொதுத்தேர்வு இல்லை என்ற செய்தி வந்த வாரம் எல்லார் முகத்திலும் தீபாவளி. ஒருத்தி கேட்டே விட்டாள், "அப்ப இந்த வருசம் மார்க் எதுக்குமே சேராதுங்களாக்கா?" கோயமுத்தூரில் வேலை பார்க்கிற என் மகள் அன்றைக்கு லீவில் வந்து, வாசற்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து உள்ளே போனாள். பீரோவிலிருந்து ஃபைலை எடுத்து வந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, 2021 மதிப்பெண் பட்டியலை அந்தப் பிள்ளையின் மடியில் வைத்தாள்.

அவள் அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "இதென்னுங்கக்கா, மார்க்குல புள்ளி வெச்சிருக்குது?" என்றாள்.

"உக்காரு, சொல்றேன்" என்றாள் என் மகள்.